தின்னர் வாசமும் லாஸ் ஏஞ்சல்ஸ் காற்றும்

ரெக்கார்டு நோட்டு, வைவா, பரீட்சை எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து இந்தப் பக்கம் வருகிறேன். போன பதிவைப் படித்துவிட்டு "நீ கெமிக்கல் இன்ஜினியரிங் தானே படிக்கிற, அதைப் பத்தி ஒரு நாளாவது எழுதியிருக்கியா?" என்று நம்ம வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். ஞாயமான கேள்வி. ஆகவே இன்று கொஞ்சம் வேதியியல். ஓடிவிடாதீர்கள், சமன்பாடு ஒன்று கூடக் கிடையாது. சத்தியம்.

விஷயம் ஹைட்ரோகார்பன். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லாருக்கும் 2017 நெடுவாசல் போராட்டம் தான் ஞாபகம் வரும். நான் சொல்லப் போவது பூமிக்கு அடியில் இருப்பதைப் பற்றி அல்ல, மூக்குக்கு முன்னால் இருப்பதைப் பற்றி. பெட்ரோல் பங்க்கில் வண்டி நிறுத்தியதும் வருகிறதே ஒரு வாசம், புது பெயிண்ட் அடித்த வீட்டுக்குள் நுழைந்ததும் தலையைப் பிடிக்கிறதே ஒரு நெடி, அதெல்லாம் இந்தக் குடும்பம் தான். பென்சீன், டொலுவீன், சைலீன், பென்டேன், எத்திலீன் என்று பெரிய கூட்டுக்குடும்பம். இதில் பென்சீன் மட்டும் நேரடியாகவே ஆளைக் கொல்லும், ரத்தப் புற்றுநோய் வரவழைக்கும் என்று உறுதியான பொருள். மற்றவை பெரும்பாலும் கூட்டணி வைத்துக் கொல்பவை. வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து ஓசோனை உண்டாக்கும். மேலே வானத்தில் இருந்தால் நம்மைக் காப்பாற்றும் அதே ஓசோன், கீழே மூச்சில் வந்தால் நுரையீரலை அரிக்கும்.

மெஸ்ஸில் இதைப் பற்றி ஒரு சண்டை வந்தது. இந்தப் பதிவே அந்தச் சண்டையின் மிச்சம் தான். நண்பன் சொன்னது: "மச்சி, காத்து கெட்டுப் போச்சு, இனி வருஷா வருஷம் கெட்டுக்கிட்டே தான் போகும். வண்டி கூடுது, ஜனம் கூடுது, எப்படிக் குறையும்? சட்டமெல்லாம் சும்மா பேப்பர்ல தான்." சுற்றி இருந்த ஏழு பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன், செமினாருக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றிப் படிக்காமல் இருந்திருந்தால்.

அந்தக் கதையைச் சொல்கிறேன். சினிமா மாதிரி இருக்கும்.

1943 ஜூலை மாதம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தையே பழுப்பு நிறப் புகை மூடுகிறது. கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது, சில தெருக்களுக்கு அப்பால் இருப்பது தெரியவில்லை. ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டானோ என்று ஜனங்கள் பயந்தார்கள். பிறகு, செயற்கை ரப்பருக்காக பியூட்டடையீன் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு ஆலை தான் காரணம் என்று எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதை நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள். புகை போகவில்லை. குற்றவாளி வேறு யாரோ.

கண்டுபிடித்தவர் ஆரி ஹாகென்-ஸ்மிட் என்ற பேராசிரியர். நெதர்லாந்தில் பிறந்தவர், கால்டெக்கில் வேலை. அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது அன்னாசிப்பழத்தின் வாசனையை! பழத்திலிருந்து வரும் ஆவியை உறைய வைத்துப் பிடித்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பது அவர் தொழில். அதே முறையில் ஜன்னலுக்கு வெளியே இருந்த காற்றை இழுத்து உறைய வைத்தார். கிடைத்தது சில சொட்டு நாற்றமடிக்கும் பழுப்பு திரவம். 1950களின் தொடக்கத்தில் அவர் நிரூபித்தது இது தான்: காரிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் இருந்து வரும் ஹைட்ரோகார்பன்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள், கூடவே கலிஃபோர்னியாவின் வெயில். மூன்றும் சேர்ந்தால் ஓசோன். அந்தக் காலத்தில் ஓசோனை அளக்க அவர்கள் பயன்படுத்திய கருவி என்ன தெரியுமா? வளைத்துக் கட்டிய ரப்பர் துண்டு. எவ்வளவு சீக்கிரம் அதில் வெடிப்பு விழுகிறதோ அவ்வளவு ஓசோன். நம் லேபில் "கருவி ரிப்பேர், அடுத்த செமஸ்டர் வரும்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ரப்பர் துண்டு ஞாபகம் வரும் :-)

எண்ணெய்க் கம்பெனிகள் சும்மா இருக்குமா? தங்கள் பணத்தில் வேறொரு ஆராய்ச்சி நிறுவனத்தை வைத்து அவர் சொன்னது தப்பு என்று பேச வைத்தார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கோபம் வந்து தான் மனிதர் அன்னாசிப்பழத்தை ஓரமாக வைத்துவிட்டு முழு மூச்சாக இதில் இறங்கினார் என்கிறார்கள். கார் கம்பெனிகளின் கதை இன்னும் மோசம். மாசு குறைக்கும் கருவிகளை யாரும் முந்திக்கொண்டு கொண்டுவரக் கூடாது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று அமெரிக்க அரசே 1969ல் வழக்குப் போட்டது. அதே ஆண்டு சமரச உடன்பாட்டில் அது முடிந்தது.

ஆனாலும் ஒவ்வொன்றாக நடந்தது. முதலில் சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய்த் தொட்டிகளுக்கு மிதக்கும் மூடி. 1957ல் வீட்டுக் கொல்லையில் குப்பை எரிப்பதற்குத் தடை. 1960களின் தொடக்கத்தில் கார் எஞ்சினின் கிராங்க் கேஸிலிருந்து வெளியேறும் வாயுவை மறுபடி எஞ்சினுக்கே திருப்பிவிடும் ஒரு சின்ன வால்வு. 1966ல் சைலன்சர் புகைக்கு கலிஃபோர்னியாவின் முதல் வரம்பு. 1970களின் தொடக்கத்தில் பெட்ரோல் டேங்கிலிருந்து ஆவியாவதைப் பிடித்து வைக்க கரித்தூள் டப்பா. 1975 மாடல் கார்களிலிருந்து கேட்டலிடிக் கன்வெர்ட்டர். கார் கம்பெனிகள் "முடியவே முடியாது" என்று சத்தியம் செய்த விஷயம் அது.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. பெட்ரோலில் இருந்த ஈயம் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அதனால் ஈயத்தை எடுக்க வேண்டி வந்தது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் ஈயத்தை எடுப்பதற்கு, குழந்தைகளை விட கன்வெர்ட்டர் தான் உடனடிக் காரணமாக இருந்தது என்பது எனக்குக் கொஞ்சம் கசப்பான விஷயம். நம் ஊரிலும் இதே வரிசை தான். 1995ல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கன்வெர்ட்டர், அதற்காகவே ஈயமில்லாத பெட்ரோல். நாடு முழுக்க ஈயம் போனது 2000ல்.

சரி, பலன்? 1960 முதல் 2010 வரை லாஸ் ஏஞ்சல்ஸ் காற்றில் எடுத்த அளவுகளை எல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்து 2012ல் ஒரு ஆய்வு வந்தது. காற்றிலிருந்த ஹைட்ரோகார்பன் போன்ற ஆவிகள் வருஷத்துக்குச் சராசரியாக ஏழரை சதவீதம் குறைந்து வந்திருக்கின்றன. ஏழரை சதவீதம் என்றால் பெரிதாகத் தெரியவில்லை அல்லவா? கூட்டுவட்டிக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். ஒன்பது வருஷத்தில் பாதி. ஐம்பது வருஷத்தில் நூறில் இரண்டு. அதாவது 1960ல் ஐம்பது பங்கு இருந்த இடத்தில் 2010ல் ஒரு பங்கு. இதே காலத்தில் அந்த ஊரில் விற்ற பெட்ரோலும் டீசலும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகியிருக்கிறது.

மெஸ்ஸில் இந்தக் கணக்கைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சாம்பார் ஊற்றும் சத்தம் மட்டும் தான் கேட்டது. வண்டி கூடியும் மாசு குறைய முடியும். குறைந்திருக்கிறது. "கெட்டுக்கிட்டே தான் போகும்" என்பது இயற்கை விதி அல்ல, சோம்பேறித்தனம். (நண்பா, உன்னைத் தனிப்பட்ட முறையில் சொல்லவில்லை. அன்றைக்கு உன் அப்பளத்தை எடுத்ததும் நான் இல்லை.)

"அது பணக்கார நாடு டா" என்று அடுத்த கேள்வி வந்தது. உண்மை தான். ஆனால் நம்மிடமும் நடந்திருக்கிறது. பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கையும் ஆட்டோவையும் நினைத்துப் பாருங்கள். அந்த எஞ்சினில் உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அதனால் ஊற்றிய பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு வரை எரியாமலே சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். காசு கொடுத்து வாங்கி, பின்னால் வருபவன் முகத்தில் ஊற்றுவது. என் மாமா இன்றும் அவருடைய பழைய ஆர்எக்ஸ் 100 சத்தத்தைப் பற்றிக் கவிதை மாதிரி பேசுவார். பின்னால் உட்கார்ந்து போன அத்தைக்குத் தலைவலி தான் ஞாபகம் இருக்கிறது. அந்த வண்டிகள் போய் ஃபோர் ஸ்ட்ரோக் வந்தது, 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தது. பெட்ரோலில் பென்சீனுக்கு ஒரு சதவீதம் என்று உச்சவரம்பும் இருக்கிறது. வண்டிக்கு வண்டி பார்த்தால் நாமும் அந்தப் பாதையில் தான் வந்திருக்கிறோம்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல செமினார். பத்துக்கு எட்டு மார்க். ஆனால் அந்த ஆய்வையும் அதற்குப் பின் வந்தவற்றையும் படிக்கப் படிக்க எனக்கு வேறு ஒன்று உறைத்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

எல்லா ஹைட்ரோகார்பனும் ஒரே வேகத்தில் குறையவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊர், ஒரு முகவரி உண்டு. அசிட்டிலீன் இருந்தால் எங்கோ எரிகிறது என்று அர்த்தம். ஐசோபென்டேன் நிறைய இருந்தால் பெட்ரோல் ஆவி. ஈத்தேனும் புரொப்பேனும் இருந்தால் இயற்கை எரிவாயுக் குழாய், கிணறு. பென்சீனை விட டொலுவீன் பல மடங்கு இருந்தால் பக்கத்தில் யாரோ பெயிண்டோ பசையோ பயன்படுத்துகிறார்கள். கைரேகை மாதிரி. லாஸ் ஏஞ்சல்ஸில் கார் கைரேகை வேகமாக மங்கியது. ஈத்தேன், புரொப்பேன் மட்டும் மெதுவாகத்தான் குறைந்தன. காரணம், அவை வந்தது வேறு வாசல் வழியாக. அந்த வாசல் எவ்வளவு பெரியது என்று 2015 அக்டோபரில் தெரிந்தது. நகரத்தின் ஓரத்தில் அலிசோ கேன்யன் என்ற இடத்தில் நிலத்தடியில் எரிவாயு சேமித்து வைத்திருந்த கிணறு ஒன்று உடைந்தது. 2016 பிப்ரவரியில் தான் அடைக்க முடிந்தது. வெளியே போனது சுமார் 97,000 டன் மீத்தேன். எவ்வளவு போகிறது என்பதைச் சொன்னது ஒரு சின்ன விமானத்தில் கருவியை வைத்து மேலே பறந்தவர்கள்.

உலக அளவிலும் இதே கதை. ஈத்தேன் அளவு 1980களின் நடுவிலிருந்து 2010 வரை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. எண்ணெய்க் கிணறுகளில் வாயுவைச் சும்மா திறந்துவிடுவதும் எரிப்பதும் குறைந்ததே முக்கியக் காரணம் என்றார்கள். உடனே அமெரிக்காவில் ஷேல் எரிவாயு தோண்டல் சூடு பிடித்தது, வரைபடம் திரும்பி மேலே ஏறியது. வடக்கு டகோட்டாவில் இருக்கும் பாக்கன் என்ற ஒரே ஒரு எண்ணெய் வயல், உலகத்தின் மொத்த ஈத்தேன் வெளியீட்டில் சுமார் இரண்டு சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தது என்று விமானத்தில் அளந்து சொன்னார்கள். கால் நூற்றாண்டு இறக்கம் ஒரு அவசரத்தில் திரும்பிவிடும்.

இதெல்லாம் தூரத்தில். இனி வருவது குளியலறையில்.

2018ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு ஆய்வு இது. அமெரிக்க நகரங்களில் வண்டிப் புகை இவ்வளவு குறைந்த பிறகு, பெட்ரோலியத்திலிருந்து வரும் கரிம ஆவிகளில் சுமார் பாதி எங்கிருந்து வருகிறது? பெயிண்ட், பிரிண்டிங் மை, பசை, பூச்சிக்கொல்லி, தரை துடைக்கும் திரவம், சென்ட், டியோடரன்ட். எடையில் பார்த்தால் இவற்றை விட எரிபொருளைத்தான் பதினைந்து மடங்கு பயன்படுத்துகிறோம். பிறகு எப்படிச் சமமாகும்? யோசித்தால் எளிது. பெட்ரோலை மூடி வைக்கிறோம், எரித்துவிடுகிறோம், மிச்சத்தைக் கன்வெர்ட்டர் பார்த்துக்கொள்கிறது. பெயிண்டும் சென்ட்டும் ஆவியாக வேண்டும் என்றே தயாரிக்கப்பட்டவை. ஆவியானால் தான் பெயிண்ட் காயும், சென்ட் மணக்கும். போத்தலில் இருக்கும் கரைப்பான் முழுக்க இன்றோ நாளையோ காற்றுக்குத்தான்.

இன்னொரு ஆய்வு, அதே 2018. படித்துவிட்டு ஹாஸ்டல் அறையில் தனியாகச் சிரித்தேன். டியோடரன்ட், க்ரீம் போன்றவற்றில் போடும் ஒரு சிலிக்கான் சேர்மம் (இது ஹைட்ரோகார்பன் அல்ல, ஆனால் நல்ல அடையாளக்குறி) கொலராடோவில் இருக்கும் போல்டர் நகரக் காற்றில் எப்போது உச்சத்தைத் தொடுகிறது தெரியுமா? காலையில், வண்டிகளின் பென்சீன் உயரும் அதே நேரத்தில். வண்டியிலிருந்து வருவது அல்ல. குளித்து, பூசிக்கொண்டு, வேலைக்குக் கிளம்பிய மனிதர்களிடமிருந்து வருவது.

கலிஃபோர்னியாக்காரர்கள் இதை ரொம்ப முன்பே மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்பதும் சொல்ல வேண்டும். வீட்டு பெயிண்டுக்கு 1970களிலேயே விதி போட்டார்கள். இன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் சாதாரண சுவர் பெயிண்டில் லிட்டருக்கு 50 கிராம் ஆவிக்கு மேல் இருக்கக் கூடாது. 1989ல் டியோடரன்டுக்கு. 1990ல் கறி வாட்டும் அடுப்பில் கரியைப் பற்ற வைக்க ஊற்றும் திரவத்துக்குக் கூட! அப்போது ஊரே கிண்டல் செய்தது, மனுஷன் ஞாயிற்றுக்கிழமை கறி வாட்டுவதிலும் அரசாங்கம் மூக்கை நுழைக்கிறதே என்று. எனக்கு அந்த விதி தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. கிண்டலுக்குப் பயந்திருந்தால் அந்த ஐம்பதில் ஒன்று வந்திருக்காது.

அதற்காக லாஸ் ஏஞ்சல்ஸ் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓசோன் விஷயத்தில் அமெரிக்காவின் மோசமான நகரங்களின் பட்டியலில் அது இன்றும் மேலே தான். ஹைட்ரோகார்பன் ஐம்பதில் ஒன்றானால் ஓசோனும் ஐம்பதில் ஒன்றாகும் என்று எந்தக் கணக்கும் இல்லை. நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு, வெயில் எவ்வளவு, மரங்கள் விடும் ஐசோப்ரீன் எவ்வளவு என்று பல கை சேர்ந்த சமையல் அது. ஆம், மரங்களும் ஹைட்ரோகார்பன் விடும். அதைச் சாக்காக வைத்து மரம் தான் மாசுக்குக் காரணம் என்று பேசிய அரசியல்வாதி எல்லாம் உண்டு.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் நாமக்கல் பக்கம். எங்கள் ஊர்களில் லாரி பாடி கட்டும் பட்டறைகள் எவ்வளவு என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. இந்தியா முழுக்க ஓடும் லாரிகளில் நிறைய எங்கள் பக்கத்துக் கைவேலை. என் அப்பா அப்படி ஒரு பட்டறையில் பெயிண்டர். இருபத்தாறு வருஷமாக ஸ்ப்ரே கன் பிடிக்கிறார். கேபினில் வரும் பூ, மயில், தாமரை எல்லாம் பிரஷ்ஷில் அவர் கை. எனக்கு அப்பா என்றால் முதலில் வருவது முகம் அல்ல, தின்னர் வாசம். சின்ன வயதில் அவர் வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அதை இழுத்து இழுத்து மூச்சு விடுவேன். பிடித்த வாசம். அதில் என்ன இருக்கிறது என்று மூன்றாம் வருஷம் தான் படித்தேன்.

பட்டறையில் பெயிண்ட் அடிக்கத் தனி அறை கிடையாது. தகரக் கூரை, இரண்டு பக்கம் திறப்பு. முகத்துக்கு ஒரு துண்டு. துண்டு தூசியைக் கொஞ்சம் பிடிக்கும், ஆவியைத் துளியும் பிடிக்காது. ஆவிக்குக் கரித்தூள் வைத்த முகமூடி வேண்டும். வேலை முடிந்ததும் எல்லோரும் வாழைப்பழம் சாப்பிடுவார்கள். உள்ளே போனதைப் பழம் இழுத்து வெளியே கொண்டுவந்துவிடும் என்பது நம்பிக்கை. பழம் நல்லது தான், ஆனால் நுரையீரலுக்குப் போனதை அது எங்கே போய்ப் பிடிக்கும்? அப்பாவுக்கு இப்போது சாயங்காலமானால் தலைவலி. கை லேசாக நடுங்குகிறது. அதற்கு இது தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் முன்பெல்லாம் ஒரே இழுப்பில் வந்த மயில் கழுத்துக்கு இப்போது இரண்டு முறை பிரஷ் வைக்கிறார்.

பொங்கல் லீவில் தின்னர் வாங்கக் கடைக்குப் போனேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரி கூட இல்லை. கடைக்காரரிடம் "அண்ணா, இதுல என்னங்க இருக்குது?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தின்னர்ல தின்னர் தான் தம்பி இருக்கும்."

என்னுடைய கருத்து முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதைத்தான் எதிர்த்துப் பேசுகிறேன்.

நாம் காற்று மாசு என்றால் வண்டியைக் காட்டுகிறோம், ஆலைப் புகைபோக்கியைக் காட்டுகிறோம். தீபாவளிக்கு மறுநாள் டிவியில் ஒரு எண் காட்டுவார்கள், எல்லாரும் பேசுவோம். அந்த எண்ணில் பென்சீன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? இந்தியாவின் காற்றுத் தரநிலைப் பட்டியலில் 2009 முதல் பென்சீன் இருக்கிறது. ஒரு கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம் என்று வரம்பும் இருக்கிறது. ஆனால் தினமும் நமக்குக் காட்டும் காற்றுத் தரக் குறியீட்டைக் கணக்கிடும் எட்டுப் பொருள்களில் அது கிடையாது. டொலுவீன், சைலீன் பேச்சே இல்லை. ஆகவே "இன்று காற்று நன்று" என்று பச்சை நிறம் காட்டும் நாளிலும் அப்பாவின் பட்டறையில் நிலைமை அதே தான். பங்க்கில் எட்டு மணி நேரம் நாசில் பிடித்து நிற்கும் பையனுக்கும் அதே தான்.

வெளியீட்டுக் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே, அதையும் அப்படியே நம்ப முடியாது. அதற்கு அமெரிக்காவே சாட்சி. 2000ல் ஹூஸ்டனில், பெட்ரோகெமிக்கல் ஆலைகளிலிருந்து வரும் எத்திலீன், புரொப்பிலீன் எவ்வளவு என்று விமானத்தில் பறந்து அளந்தார்கள். ஆலைகள் தாளில் எழுதிக் கொடுத்ததை விடப் பத்து மடங்கு, நூறு மடங்கு அதிகம் என்று வந்தது. யாரும் பொய் எழுதினார்கள் என்றே வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வால்வுக்கு இவ்வளவு கசிவு என்று புத்தகத்தில் இருக்கும் எண்ணை எடுத்து வால்வு எண்ணிக்கையால் பெருக்கினார்கள், அவ்வளவு தான். நம் அசைன்மென்ட் மாதிரி. கணக்கு நிறைய மாசுகளைக் காட்டாது, அளந்தால் தான் தெரியும். லாஸ் ஏஞ்சல்ஸில் ஐம்பது வருஷம் குறைந்தது என்று இன்று நாம் தைரியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், 1960லேயே யாரோ காற்றை எடுத்து அளந்து எழுதி வைத்தது தான். நம் ஊரில் 2060ல் ஒருவன் இப்படி ஒரு பதிவு எழுத உட்கார்ந்தால் எதை வைத்து எழுதுவான்?

"பெயிண்ட்டுக்கு எல்லாம் விதி போட்டா சின்னப் பட்டறைக்காரன் என்னடா பண்ணுவான்?" என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வி மட்டும் எனக்கு உண்மையிலேயே கஷ்டமானது. ஏனென்றால் அப்பாவின் முதலாளி ஒன்றும் பணக்கார வில்லன் இல்லை. கடன் வாங்கிப் பட்டறை நடத்துபவர். ஸ்ப்ரே அறை கட்டு என்று நாளைக்கு நோட்டீஸ் வந்தால் ஷட்டரை இழுத்துவிடுவார், அப்பா வீட்டில் உட்காருவார். ஆனால் கலிஃபோர்னியா விதி யார் தலையில் விழுந்தது பாருங்கள். சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவன் வீட்டுக்கு யாரும் சோதனைக்கு வரவில்லை. டப்பாவில் எவ்வளவு ஆவி இருக்கலாம் என்று, தயாரித்து விற்கும் கம்பெனிகளின் கையைப் பிடித்தார்கள். டப்பா மாறியது, பெயிண்டர் அதே பிரஷ்ஷோடு வேலை பார்த்தார். காருக்கும் அதே தான். ஓட்டுபவனிடம் "மெதுவாக மூச்சு விடு" என்று யாரும் சொல்லவில்லை, செய்பவனிடம் கன்வெர்ட்டர் வை என்றார்கள். நாம் டப்பாவின் மேல் என்ன இருக்கிறது என்று எழுத வைப்பதில் தொடங்கலாம். அதற்கு ஒரு பட்டறையும் மூட வேண்டியதில்லை.

உதவித்தொகைப் பணத்தில் அப்பாவுக்குக் கரித்தூள் முகமூடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் போட்டார். "இதை மாட்டிக்கிட்டு எப்படிறா கண்ணு பேசறது, பசங்க சொல்றதும் காதுல விழ மாட்டேங்குது" என்றார். இப்போது ஆணியில் தொங்குகிறது. நான் போன் பண்ணும் நாட்களில் மட்டும் "போட்டுட்டுத்தான் இருக்கறேன்" என்பார். பின்னால் கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்கும். முகமூடி போட்டவர் குரல் இவ்வளவு தெளிவாகக் கேட்காது என்று நானும் சொல்வதில்லை.

கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு இதைத்தான் கேட்டிருக்கிறேன். கரித்தூள் குழாயில் பட்டறைக் காற்றை இழுத்துப் பிடித்து, கரைப்பானில் இறக்கி, நம் டிபார்ட்மென்ட் கேஸ் குரோமட்டோகிராஃபில் பென்சீன், டொலுவீன், சைலீன் எவ்வளவு என்று பார்ப்பது. பட்டறைக்குக் காற்று வரும் பக்கம் ஒன்று, போகும் பக்கம் ஒன்று, பக்கத்து அங்கன்வாடி வாசலில் ஒன்று. கருவி ரிப்பேர், அடுத்த செமஸ்டர் வரும் என்கிறார்கள். கைடு இன்னும் சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இரண்டு பேர் தேவை. ஒருவருக்கு பைக் இருந்தால் நல்லது. ஃபோர் ஸ்ட்ரோக் :-)